உங்கள் மருத்துவப் பதிவேட்டின் திறவுகோல் யாரிடம் உள்ளது?

கன்னியாகுமரி மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளில் புறநோயாளர் பதிவின்போது அடிக்கடி நிகழும் ஒன்று இது. காலை எட்டரை மணி. முதிய தாயார் ஒருவர் வரிசையில் நின்று பதிவு மேசையை அடைகிறார். பணியாளர் அவருடைய ஆதார் எண்ணைக் கணினியில் உள்ளிட்டு, "போன்ல ஓ.டி.பி. வந்திருக்கும், பாத்துச் சொல்லுங்கம்மா" என்கிறார். தாயாரின் கைப்பேசியில் எதுவும் வரவில்லை. "அது மகனுக்க நம்பராக்கும் மக்களே, அவன் குவைத்துலல்லா இருக்கான்" என்கிறார் அவர். குவைத்தில் அப்போது காலை ஆறு மணி. மகன் எழுந்து பார்த்து எண்ணைச் சொல்வதற்குள் அது காலாவதியாகிவிடுகிறது.

அந்தத் தாயாருக்கு அன்று சிகிச்சை கிடைத்துவிடும்; அதில் தடை ஏதுமில்லை. ஆனால் அவருடைய மருத்துவப் பதிவேட்டின் திறவுகோல் அவரிடம் இல்லை என்பது அந்தச் சில நிமிடங்களில் வெளிப்பட்டுவிடுகிறது. மருத்துவ விவரங்கள் காகிதத்திலிருந்து கணினிக்கு மாறிவரும் இக்காலத்தில், அந்தத் திறவுகோல் யாரிடம் இருக்க வேண்டும், திறந்த கதவை எப்போது மூட வேண்டும் என்பதை நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்பவர்களும் அறிந்திருப்பது நல்லது.

ஆபா எண் என்றால் என்ன?

2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுமைக்குமாகத் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் திட்டத்தின்கீழ் ஒவ்வொருவரும் பெறக்கூடிய 14 இலக்க எண்ணே ஆபா எண். வெவ்வேறு மருத்துவமனைகளில் உள்ள உங்கள் பதிவுகளை உங்களுக்கு உரியவை என்று அடையாளம் காட்டி இணைப்பதே இதன் பணி. பதிவுகள் அனைத்தும் ஒரே இடத்தில் குவித்து வைக்கப்படுவதில்லை. எந்த மருத்துவமனையில் உருவானதோ அங்கேயே பதிவு இருக்கும். உங்கள் ஒப்புதலின்பேரில் மட்டுமே மற்றோர் இடத்தில் உள்ள மருத்துவர் அதனைப் பார்க்க இயலும்.

இரண்டு தெளிவுகள் தேவை. ஆபா என்பது காப்பீட்டு அட்டை அன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வேறு, இது வேறு. அடுத்து, ஆபா எண் பெறுவது உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது. அந்த எண் இல்லை என்பதற்காக எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது.

அடையாளமும் அமர்வும்

எந்தச் செயலியிலும் இணையதளத்திலும் பாதுகாப்பு இரண்டு படிகளில் நடைபெறுகிறது. மருத்துவமனையின் நடைமுறையைக் கொண்டே இதனைப் புரிந்துகொள்ளலாம்.

காலையில் பதிவு மேசையில் பெயர், வயது, ஊர் ஆகியவற்றைச் சொல்கிறீர்கள். நீங்கள் யார் என்பதைப் பணியாளர் சரிபார்த்து ஓ.பி. சீட்டு ஒன்றைத் தருகிறார். அதன்பின் மருத்துவர் அறையிலோ இரத்தப் பரிசோதனைக் கூடத்திலோ மருந்தகத்திலோ உங்களை எவரும் மீண்டும் முதலிலிருந்து விசாரிப்பதில்லை. சீட்டைக் காட்டினால் போதும். அன்றைய நாள் முடிந்தால் அந்தச் சீட்டின் பயனும் முடிந்துவிடும்.

கணினியிலும் இதுவே நிகழ்கிறது. கடவுச்சொல்லையோ ஓ.டி.பி.யையோ கொடுத்து உங்கள் அடையாளத்தை ஒருமுறை உறுதிசெய்கிறீர்கள். உடனே அந்தச் செயலி, எவராலும் ஊகிக்க முடியாத நீண்ட எழுத்துத் தொடர் ஒன்றை உருவாக்கி உங்கள் கைப்பேசியில் அல்லது கணினியில் வைக்கிறது. அதுதான் கணினி தரும் ஓ.பி. சீட்டு. நீங்கள் ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் அந்தச் சீட்டு உங்கள் சார்பில் காட்டப்படுகிறது. நீங்கள் உள்நுழைந்ததிலிருந்து வெளியேறும் வரையிலான இந்தக் காலத்தை 'அமர்வு' என்கிறார்கள்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். உங்கள் ஓ.பி. சீட்டைக் கண்டெடுத்த ஒருவர், உங்கள் பெயர் தெரியாமலேயே மருந்தகத்தில் நின்றுவிட முடியும் அல்லவா? அதுபோலத் திறந்து கிடக்கும் அமர்வு ஒன்றைக் கையில் பெற்றவருக்கு உங்கள் கடவுச்சொல் தேவைப்படாது, ஓ.டி.பி.யும் தேவைப்படாது. "ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள்" என்ற அறிவுரையை இன்று அனைவரும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் அமர்வை மூடாமல் எழுந்து போகும் பழக்கம் படித்தவர்களிடமும் மாறவில்லை. மருத்துவர்களாகிய எங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஜெராக்ஸ் கடையில் விட்டு வந்த கதவு

நம் ஊர்களில் மிகச் சாதாரணமாக நடப்பது இது. ஸ்கேன் அறிக்கை வாட்ஸ்ஆப்பில் வந்திருக்கிறது. திருவனந்தபுரத்தில் சிறப்பு மருத்துவரைக் காண்பதற்கு அதனைக் காகிதத்தில் எடுத்துச் செல்ல வேண்டும். பேருந்து நிலையத்தின் அருகிலுள்ள கடைக்குச் செல்கிறீர்கள். கடைக்காரர் தம் கணினியில் வாட்ஸ்ஆப் வெப் பக்கத்தைத் திறந்து, அதில் தோன்றும் கட்டத்தை உங்கள் கைப்பேசியால் ஸ்கேன் செய்யச் சொல்கிறார். அறிக்கை அச்சாகிறது, பத்து ரூபாய் கொடுத்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறீர்கள்.

கடையின் கணினியில் உங்கள் அமர்வு அப்படியே இருக்கிறது. உங்கள் கைப்பேசி உங்கள் சட்டைப்பையில்தான் உள்ளது. எனினும் உங்களுக்கு வரும் புதிய அறிக்கைகள், மருத்துவருடன் பேசியவை, குடும்பத்தினர் அனுப்பும் படங்கள் ஆகிய அனைத்தையும் அக்கணினியில் அமர்பவர் பார்க்க முடியும். கைப்பேசியில் வாட்ஸ்ஆப்பைப் பயன்படுத்தாமல் 14 நாட்களுக்கு மேல் இருந்தால் இத்தகைய இணைப்புகள் தாமாகத் துண்டிக்கப்படும். ஆனால் அத்தனை நாள் வாட்ஸ்ஆப்பைத் தொடாதவர் யார்? நாள்தோறும் பயன்படுத்துவோருக்கு அந்த இணைப்பு தொடர்ந்துகொண்டே இருக்கும்.

இப்போதே சோதித்துப் பாருங்கள். உங்கள் வாட்ஸ்ஆப்பின் அமைப்புகளில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற பகுதி உள்ளது. அதனைத் திறந்தால் உங்கள் கணக்கு வேறு எந்தக் கணினிகளில் திறந்திருக்கிறது என்ற பட்டியல் தெரியும். நீங்கள் அறியாத பெயர் இருந்தால் அதனைத் தொட்டு வெளியேற்றிவிடுங்கள். என் நோயாளிகள் சிலரை அறையிலேயே இவ்வாறு பார்க்கச் செய்திருக்கிறேன். மாதக்கணக்கில் மறந்துபோன இணைப்புகள் வெளிப்பட்டதுண்டு.

இ-சேவை மையத்திலோ கடையிலோ மருத்துவக் கணக்கு எதனைத் திறந்தாலும் இதே கவனம் வேண்டும். உலாவியின் சன்னலை மூடுவதும் கணக்கிலிருந்து வெளியேறுவதும் ஒன்றல்ல. சன்னலை மூடுவது, சீட்டை மேசையின்மேல் வைத்துவிட்டு நடப்பதற்கு ஒப்பாகும். 'வெளியேறு' என்ற பொத்தானை அழுத்தினால்தான் அந்தச் சீட்டு கிழித்தெறியப்படுகிறது. கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா என்று கணினி கேட்டால் 'வேண்டாம்' என்பதே பொது இடத்தில் சரியான விடை. பதிவிறக்கம் செய்த அறிக்கைக் கோப்பு அக்கணினியிலேயே தங்கியிருக்கும். அச்செடுத்தபின் அதனை உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் எவரும் இதற்கு வருத்தப்படமாட்டார்.

ஒருவர் பதிவில் மற்றொருவர்

அந்தரங்கம் வெளியே தெரிந்துவிடும் என்பது ஒரு கவலை. மருத்துவர் என்ற முறையில் அதைவிட எனக்கு அச்சம் தருவது, ஒருவருடைய பதிவில் மற்றொருவருடைய விவரம் கலந்துவிடுவது.

முன்பு நான் பணியாற்றிய ஓரிடத்தில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். கர்ப்பிணிப் பெண் ஒருவரின் பதிவில் இரத்தச் சர்க்கரை அளவு மிக அதிகமாகக் காணப்பட்டது. கர்ப்பகால நீரிழிவு என்று முடிவுசெய்து மருந்து தொடங்க வேண்டிய அளவு அது. அவரோ, இதற்குமுன் எடுத்த பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்ததாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். மீண்டும் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது அளவு இயல்பாகவே இருந்தது. முதலில் கண்ட அளவு அவருடைய மாமியாருடையது. வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. அந்த எண்ணின்கீழ் இருவர் கணக்கும் இருந்தன. யாருடைய கணக்கு என்று பாராமல் முதலில் தோன்றிய பெயரில் முடிவு பதிவாகிவிட்டது. தன் உடலைப் பற்றி அந்தப் பெண்ணுக்கு இருந்த தெளிவுதான் அன்று அவருக்குத் தேவையற்ற இன்சுலின் செல்வதைத் தடுத்தது.

ஒரே கைப்பேசி எண்ணில் குடும்பத்தினர் பலரின் ஆபா கணக்குகளை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. கைப்பேசி இல்லாத முதியவர்களுக்கு அது தேவையும்கூட. அப்படி வைத்திருப்போர் ஒவ்வொரு முறையும் திரையில் உள்ள பெயரையும் வயதையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டும். நம் பகுதியில் ஒரே தெருவில் ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் கொண்ட இருவர் இருப்பது அரிதன்று. பெயரை மட்டும் பார்த்தால் போதாது, வயதையும் பாருங்கள். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவரின் பதிவு ஒவ்வாமை இல்லாதவரிடமும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவரின் பதிவு பல் பிடுங்க வந்த அவருடைய தம்பியிடமும் சென்று சேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இதனால்தான், இரத்தம் ஏற்றுவதற்கு முன் பதிவில் இரத்த வகை இருந்தாலும் உங்களிடமிருந்து புதிதாக மாதிரி எடுத்துப் பொருத்தம் பார்க்கிறோம். "எத்தனை முறைதான் எடுப்பீர்கள்?" என்று அப்போது கோபப்பட வேண்டாம்.

கைப்பேசி எண்ணே அடையாளம் ஆகும்போது

ஆதார் வழியாக ஆபா எண் பெறும்போது, ஆதாருடன் இணைந்த கைப்பேசிக்கே ஓ.டி.பி. செல்லும். அந்த எண் வெளிநாட்டில் இருக்கும் மகனுடையதாகவோ, திருமணமாகிப் போன மகளுடையதாகவோ இருந்தால் ஒவ்வொரு முறையும் இடர்ப்பாடுதான். தூத்தூர், வள்ளவிளை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் செல்வோர் வாரக்கணக்கில் கரைக்குத் திரும்புவதில்லை. அவர்களுடைய எண்ணில் மனைவி மக்களின் கணக்கு இருந்தால் அத்தனை நாளும் அது பூட்டிய கதவுதான். வீட்டில் எப்போதும் இருக்கும் ஒருவரின் எண்ணை, முடிந்தால் நோயாளியின் சொந்த எண்ணையே இணைப்பது நல்லது. ஆதாரில் கைப்பேசி எண்ணை மாற்ற ஆதார் சேவை மையத்தையோ அப்பணி நடைபெறும் அஞ்சலகத்தையோ நாடலாம். ஆபா கணக்கில் உள்ள எண்ணைத் தனியாக மாற்ற வேண்டும்; ஒன்றை மாற்றினால் மற்றொன்று தானாக மாறிவிடாது.

வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. முன்பணச் சிம் அட்டை ஒன்று 90 நாட்களுக்குமேல் பயன்படுத்தப்படாமல் இருந்தால் நிறுவனம் அந்த எண்ணைத் துண்டிக்கலாம். துண்டித்தபின் மேலும் 90 நாட்கள் கழித்து அதே எண்ணை வேறொருவருக்கு வழங்கவும் செய்யலாம். அவ்வாறு நேர்ந்தால், உங்கள் கணக்கிற்குரிய ஓ.டி.பி.யும் பரிசோதனை முடிவுகளைச் சொல்லும் குறுஞ்செய்தியும் முன்பின் அறியாத ஒருவரின் கைப்பேசியில் ஒலிக்கும். அவர்மீது எந்தத் தவறும் இல்லை; எண்ணைக் கைவிட்டது நாம்தான். எனவே புறப்படுவதற்கு முன் மருத்துவமனை, ஆபா, ஆதார், வங்கி ஆகிய நான்கிலும் எண்ணை மாற்றிவிடுங்கள், அல்லது அந்தச் சிம் அட்டை துண்டிக்கப்படாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பவரின் எல்லை

தாய் தந்தையரின் கணக்கை மகனோ மகளோ கவனித்துக்கொள்வது இயல்பு. அதில் பிழை ஏதும் இல்லை. பல வீடுகளில் அதுவே மருந்து தவறாமல் நடப்பதற்குக் காரணமாகவும் இருக்கிறது. அது அவர்கள் அறிந்து, அவர்கள் ஒப்பி நடக்கட்டும். "உங்கள் ரிப்போர்ட்டை நான் பார்த்துக்கொள்ளட்டுமா?" என்ற ஒரு கேள்வி போதும். கடவுச்சொல்லை உறவினர் குழுவில் பகிர்வது வேண்டாம். ஒருவர் மட்டும் பொறுப்பேற்பதே நன்று.

சில விவரங்களுக்குச் சட்டம் தனிப் பாதுகாப்பு அளிக்கிறது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டமும், அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் நோயாளியின் விவரங்களை இரகசியமாகக் காக்கக் கட்டளையிடுகின்றன. காசநோய், மனநலம், மகப்பேறு சார்ந்த சிகிச்சை பெறுவோர் சிலர், வீட்டாரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போய்விடுமோ என்று அஞ்சியே மருத்துவமனைக்கு வராமல் தாமதிக்கின்றனர். அத்தகைய அச்சம் உங்களுக்கு இருந்தால் பதிவு செய்வதற்கு முன்பே மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். எந்த எண்ணைப் பதிவது, ஆபாவுடன் அந்தப் பதிவை இணைப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு.

ஒப்புதல் கேட்கப்படும்போது

வேறொரு மருத்துவமனை உங்கள் பழைய பதிவுகளைக் காண விரும்பினால் உங்கள் கைப்பேசிக்கு ஒப்புதல் வேண்டுகோள் வரும். யார் கேட்கிறார், எந்த வகைப் பதிவு, எந்தக் காலத்துப் பதிவு, எதுவரை அனுமதி என்ற நான்கும் அதில் இருக்கும். மூட்டு வலிக்காகச் செல்லும் இடத்தில் பத்தாண்டுக் காலப் பதிவு முழுவதையும் திறந்துவிட வேண்டியதில்லை. காலத்தையும் வகையையும் நீங்கள் குறைக்கலாம். கொடுத்த ஒப்புதலைப் பின்னர் விலக்கிக்கொள்ளவும் முடியும். ஆனால் உங்கள் மருந்துப் பட்டியலையும் ஒவ்வாமை விவரத்தையும் சிகிச்சை அளிப்பவரிடம் மறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மருத்துவமனைகளின் பொறுப்பு

நோயாளி எவ்வளவு கவனமாக இருந்தாலும் பதிவைக் காப்பதில் பெரும்பங்கு அதனை வைத்திருப்போருடையது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, புறநோயாளர் பதிவு முதல் பரிசோதனை முடிவு வரை பல நாட்கள் கையால் எழுத வேண்டிய நிலை ஏற்பட்டது. 2023 ஜூனில் கோவிட் தடுப்பூசி பெற்றோரின் விவரங்கள் டெலிகிராம் செயலியில் கிடைப்பதாகச் செய்தி வந்தபோது மத்திய சுகாதார அமைச்சகம் அளித்த விளக்கத்தில் ஒரு பகுதி கவனத்திற்குரியது. கோவின் தளத்தில் தடுப்பூசி போடும் பணியாளர் தமது உள்நுழைவைக் கொண்டு விவரங்களைக் காணலாம் என்றும், அவர் நுழையும் ஒவ்வொரு முறையும் பதிவாகிறது என்றும் அவ்விளக்கம் கூறியது.

யார், எப்போது, எந்தப் பதிவைத் திறந்தார் என்ற குறிப்பு இருந்தால்தான் தவறு நிகழ்ந்தபின் அதன் தடத்தைப் பின்தொடர முடியும். ஒரு பிரிவில் உள்ள ஐந்து பேரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தினால் அந்தக் குறிப்பு பொருளற்றதாகிவிடும். பணிச்சுமை மிகுந்த காலை நேரத்தில் ஒருவர் திறந்த கணினியில் மற்றொருவர் அமர்ந்து தொடர்வது எங்களுக்கு எளிதாகத் தோன்றும். எனினும் அது தவறுதான். ஆளில்லாத மேசையில் வேறொரு நோயாளியின் பதிவு திறந்து கிடப்பதைக் கண்டால், தயங்காமல் பணியாளரிடமோ நிலைய மருத்துவ அலுவலரிடமோ தெரிவியுங்கள். இன்று அவருடைய பதிவு, நாளை உங்களுடையது.

ஐயம் ஏற்பட்டால்

காப்பீட்டு அலுவலகத்திலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ பேசுவதாகச் சொல்லி ஓ.டி.பி. கேட்கும் அழைப்புகளுக்கு விடையளிக்க வேண்டாம். நீங்கள் நேரில் பதிவு மேசையின்முன் நிற்கும்போது, நீங்களே கேட்டுத் தொடங்கிய பணிக்காக மட்டும் அந்த எண்ணைச் சொல்லுங்கள். அதற்குமுன் குறுஞ்செய்தியில் எதற்கான எண் என்று எழுதியிருப்பதையும் படித்துவிடுங்கள்.

கைப்பேசி தொலைந்துவிட்டால் முதலில் சிம் அட்டையை முடக்கச் சொல்லுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தின் வழியாகக் கைப்பேசியையே முடக்கவும் வழி உண்டு. பிறகு வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்ற வசதி இருந்தால் அதனைப் பயன்படுத்துங்கள். கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் ஏற்கெனவே திறந்துள்ள அமர்வுகள் சில செயலிகளில் தொடரக்கூடும். பணமோ விவரமோ திருடப்பட்டதாகத் தெரிந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் அளிக்கலாம். ஆபா குறித்த உதவிக்கு 14477, தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களை அழைக்கலாம். ஆபா கணக்கே வேண்டாம் என்று முடிவுசெய்தால் அதனைத் தற்காலிகமாக முடக்கவோ முற்றிலும் நீக்கவோ அக்கணக்கிலேயே வழி உள்ளது.

கணினிப் பதிவு வந்துவிட்டது என்பதற்காகப் பழைய கோப்பைத் தூக்கி எறிய வேண்டாம். எக்ஸ்ரே, ஸ்கேன் படச்சுருள்கள், அறுவை சிகிச்சைக் குறிப்பு, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரப்படும் சுருக்கம் ஆகியவற்றை ஈரம் படாத உறையில் இட்டு வையுங்கள். உண்ணும் மருந்துகள், ஒவ்வாமை, அவசரத்தில் அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி நோயாளியின் பையில் எப்போதும் வைத்திருங்கள். நள்ளிரவில் 108 வாகனத்தில் ஆசாரிபள்ளம் வந்து சேரும் நோயாளியிடம் நாங்கள் ஓ.டி.பி. கேட்பதில்லை. அந்தத் தாளைத்தான் தேடுகிறோம்.